வாசல் வெளிச்சத்தில் ஒரு கறுப்பு நாய்

விலங்குக் காப்பகத்தில் எட்டு மாதமாக இருந்தும் அந்தக் கறுப்பு நாயைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இணையத்தில் போட்டிருந்த படத்தில், ஃபிளாஷ் பட்டு மின்னிய இரண்டு கண்களைத் தவிர மற்றதெல்லாம் மைக்கறை. குறை படத்தில்தான் என்று, காப்பகத்து விலங்குகளைப் படமெடுத்து உதவ வந்திருந்த புகைப்படக்கலை மாணவிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாயை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து, ஈரத் தரையென்றும் பாராமல் கேமராவோடு குப்புறப் படுத்தாள்.

“ஏம்மா, போட்டோ அவனுக்கு, குளியல் உனக்கா?” என்றார் தரை கழுவிக்கொண்டிருந்த பராமரிப்பாளர்.

“கிண்டல் அப்புறம் பண்ணுங்கண்ணே. இப்ப அவனைக் கூப்பிடுங்க.”

“டேய் குண்டா!”

நாய் காதைத் தூக்கி, நாக்கைத் தொங்கவிட்டுத் திரும்பியது. அவள் ஒரே முறைதான் அழுத்தினாள்.

மறுநாள் ஒரு தம்பதி கைப்பேசியில் அந்தப் படத்தோடு வந்து நின்றனர்.

“இது புதுசா வந்த நாயாங்க?”

“ஆள் பழசுதாங்க, போட்டோதான் புதுசு” என்று பராமரிப்பாளர் நாயை அழைத்துவர ஓடினார். மாணவி அதற்குள் அடுத்த கூண்டைத் திறந்துகொண்டிருந்தாள்.