ஆறு சிலிண்டர்

சாவியை இரண்டாம் முறை திருகியபோதும் எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு அடங்கியது. ஜெனோஜா பொனற்றுக்குள் குனிந்து, பற்றரியில் கவ்வியிருந்த வயரைக் கழற்றி, முனையைத் துடைத்து மறுபடி மாட்டினாள். விரல்கள் குளிரில் மரத்திருந்தன. சேலைத் தலைப்பில் ஏற்கெனவே ஒரு கிறீஸ் கோடு விழுந்திருந்தது. முன்னறைக்குள் அப்பாவின் பெட்டியைச் சுற்றி நின்று தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, லேட்டாகுது," என்றான் றொஜன். மழித்த தலை, வேட்டிக்குக் கீழே ட்ராக் பொட்டம்.

"அப்ப நீ வந்து சாவியைத் திருகு."

"எனக்கு ஓட்டோமற்றிக் லைசன்ஸ் மட்டும்தான்."

"சாவி திருக லைசன்ஸ் வேண்டாமடா."

அவன் ஏறித் திருகினான். ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. தோர்ண்டன் ஹீத்தின் அந்தச் சின்னத் தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முன்வீட்டுத் திரை விலகி மூடியது. முன்னறையில் பாட்டு ஒரு கணம் நின்று, பிறகு கொஞ்சம் உரத்துத் தொடர்ந்தது.

அப்பா அம்பலவாணன் செத்தது போன கிழமைக்கு முந்தின கிழமை, ஆஸ்பத்திரியில், அதிகம் கரைச்சல் கொடுக்காமல். அவருடைய தொழில் மணவறை வாடகை. தூண், தோரணம், சிம்மாசனம், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் இந்தப் பிக்கப்பின் தட்டிலும் பின்னால் பூட்டிய ட்ரெயிலரிலும் ஏற்றி ஈஸ்ட் ஹாம், லூயிஷாம் என்று மண்டபம் மண்டபமாகக் கொண்டுபோவார். மணவறைத் தூண் எட்டடி. அதனாலேயே ஒற்றை வரிசை சீற்றும் நீளமான தட்டும் உள்ள பழைய டீசல் வண்டியாகத் தேடி வாங்கினார். நகரத்தின் புகைச் சட்டம் வந்த பிறகு அது வீட்டுவாசலைவிட்டு வெளியே வரும் ஒவ்வொரு நாளும் கமரா பிடித்தது. அவரும் ஒவ்வொரு நாளும் அதற்கான பணத்தைக் கட்டினார். வண்டியைக் கழிவுக்குக் கொடுத்தால் உதவிப் பணம் தருகிறோம் என்று நகர நிர்வாகம் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

இன்று காலை அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறொரு வண்டி. இறுதிச்சடங்குக் கம்பனியின் புதுக் கறுப்புக் கார், முழுக்க மின்சாரம். அது வந்து நின்றதே ஒருவருக்கும் கேட்கவில்லை. கம்பனி ஆள் கொலின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவைத் தட்டியபோதுதான் அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்தது.

எஞ்சின் சத்தத்துக்குப் பெரியப்பா வெளியே வந்தார். அப்பாவின் தமையன், ஊரில் வாத்தியாராக இருந்தவர், குளிருக்கு வேட்டிமேல் நீண்ட கோட்டுப் போட்டிருந்தார்.

"என்ன பிள்ளை நடக்குது?"

"அப்பாவை இதிலதான் கொண்டுபோகப் போறன்."

பெரியப்பா தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ராத்திரி மழைக்கு அவள் தறப்பாள் கட்டியிருந்தாள். இப்போது அதை எடுத்துவிட்டு, கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை நடந்து வரும் சிவப்புக் கம்பளத்தை மடித்து விரித்திருந்தாள்.

"தம்பியை மணவறைச் சாமானோட சாமானா ஏத்தப் போறியே? அங்க நிக்குது பார், பூப்போல ஒரு கார். சத்தமில்லாமப் போகும்."

அம்மா சிவமலர் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம். "அத்தான், அந்த மனுசன் சத்தமில்லாம ஒருநாள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டிருக்கோ?"

ஓரமாக நின்றவர்களில் ஓரிருவர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

"சரி, ஆர் ஓட்டிறது?"

"நான்."

"பொம்பிளையள் சுடலைக்கு வராமப் படலை வாசலோட நிக்கிறதெல்லோ வழக்கம்?"

ஜெனோஜா கம்பளத்தின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். கொலின் அளவு நாடாவைத் தட்டில் நீட்டிப் பிடித்தான். பெட்டி வைத்தும் இரண்டு சாண் மிஞ்சும். அவன் தலையாட்டினான். சட்டத்தில் தடையில்லை, தான் வழமைபோல முன்னால் நடப்பேன், கார் பின்னால் வரட்டும் என்றான். புதுசாக வரும் பிக்கப்புகளில் இது சரிவராது என்பதையும் அவனாகவே சொன்னான். இரண்டு வரிசை சீற், குட்டித் தட்டு.

அப்போதுதான் றொஜன் கொள்ளிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கழுத்தளவு விடவேண்டிய தண்ணீரை விளிம்பு முட்ட விட்டிருந்தான். நடக்க நடக்க அவன் வேட்டி நனைந்தது.

"ஆரடா இவ்வளவு ஊத்தச் சொன்னது?"

"ஃபுல்லா எண்டு நினைச்சன். கொஞ்சம் ஊத்திவிடட்டே?"

"விட்ட தண்ணியைத் திருப்பி ஊத்தப்பிடாது!" பெரியப்பா நெற்றியைத் தேய்த்தார். குடத்தைப் பார்த்தார். பிக்கப்பைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு யோசனை ஓடியது. பரீட்சை வைத்துப் பழகிய மனிதர்.

"சரி பிள்ளை. குடமும் தம்பியின்ர கால்மாட்டில போகட்டும். ஆரும் பிடிக்கப்பிடாது. நான் பக்கத்தில நடந்து வருவன். பொண்ட் சுத்துவட்டத்தடியில நிப்பாட்டிப் பாப்பம். கம்பளத்தில ஒரு சொட்டு ஈரம் கண்டாலும் தம்பியை அந்தக் காருக்கு மாத்திறது. நீ பேசாம இறங்கிறாய். சரியோ?"

தெருவில் மட்டும் வேகத்தைக் குறைக்கப் போட்ட மேட்டுத்தடைகள் ஐந்தாறு. அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"சரி பெரியப்பா."

றொஜன் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, ஆர் யூ ஷுவர்?"

"குடத்தைத் துடைச்சு வை."

பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். ஜெனோஜா பட்டிகளை இழுத்துக் கட்டும்போது ஈஸ்ட் ஹாம் மண்டபக்காரர் அருகில் வந்தார். அப்பாவோடு நெடுநாள் தொழில் செய்தவர்.

"எஞ்சின் நிப்பாட்டின மகள் எண்டது நீர்தானே?"

"எந்த எஞ்சின் அங்கிள்?"

"கொப்பர் ஒவ்வொரு கல்யாணத்திலயும் சொல்லுவார். இனி உப்பிடி ஒரு வண்டி வராது, ஏன் தெரியுமோ, என்ர மகள் விடமாட்டா எண்டு. சொல்லிப்போட்டு மீசையைத் தடவுவார்."

அவள் பட்டியை இன்னொரு பல் இறுக்கினாள்.

டகனம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வண்டிகளை உருளைகள்மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டி, எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது, எவ்வளவு புகை கக்குகிறது என்று அளப்பது. திரையில் ஒரு கோடு போகும். அந்தக் கோட்டைவிட்டு விலகாமல் காலால் வேகத்தைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பரிசோதனை செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் ஓட்டங்கள் செல்லாமல் போவது அபூர்வம்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா புதுப் பிக்கப் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆறு சிலிண்டர், பழசைவிட இரண்டு மடங்கு பலம், கமராவும் ஒன்றும் சொல்லாது. அதே எஞ்சின் அவளுடைய உருளைக்கு வந்தது. ஒரு கம்பனி விற்கும் எல்லா வண்டிகளையும் சேர்த்துத்தான் புகையின் சராசரி பார்ப்பார்கள், வரம்பைத் தாண்டினால் தண்டம். பெரிய எஞ்சின் ஒன்று பல சின்ன எஞ்சின்கள் தேடிவைத்த நல்ல பெயரைத் தின்றுவிடும். அவள் அளந்ததை வைத்துக் கம்பனி கணக்குப் பார்த்தது. அந்த எஞ்சினை இந்த நாட்டில் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அப்பாவின் பதிவும் அதோடு போனது.

அன்று பின்னேரம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எவ்வளவு குடிச்சுது?"

அவள் சொன்னாள்.

"அவ்வளவே? நல்ல பசிக்காரன்." இரண்டு வாய் சாப்பிட்டார். "நீ சரியாத்தானே அளந்தனீ?"

"ஓம்."

"அப்ப சரி. மீன்குழம்பைத் தள்ளு."

அதற்குமேல் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. அவர் மண்டபங்களில் பேசிக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும்.

ஜெனோஜா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சீற் அப்பாவின் அளவுக்குப் பின்னால் கிடந்தது. முன்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. மறுபக்கக் கதவு திறந்தது. சிவமலர் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"மலர்," என்றார் பெரியப்பா, "படலை—"

"நடந்து போனாத்தானே அத்தான் தாண்டினதா வரும்? நான் ஏறிப் போறன்."

கதவு அடைத்துக்கொண்டது.

சின்ன லீவரை, நாலு சில்லும் மெதுவாக இழுக்கும் தாழ்கதிக்குத் தள்ளி முதல் கியரைப் போட்டாள். தெரு ஈரமாக இருந்தது, நாலு சில்லும் சேர்ந்து இழுத்தாலும் முரண்டு பிடிக்காது. கிளச்சிலிருந்து காலை மயிரிழை மயிரிழையாக விட்டாள். வண்டி புறப்பட்டது எப்போது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. பிறகு காலை முற்றாக எடுத்துவிட்டாள். எந்தப் பெடலிலும் கால் இல்லை. எஞ்சின் தன்பாட்டில் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில், பெட்டியையும் குடத்தையும் சுமந்து போனது.

முன்னால் கொலின் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக நடந்தான். பின்னால் ஆண்கள். பக்கக் கண்ணாடியில் பெரியப்பா, ஒரு கை தட்டின் விளிம்பில், கண் குடத்தில்.

முதல் மேட்டுத்தடை. முன்சில்லுகள் தொட்டன. ஒரு சின்ன எஞ்சின் இந்த இடத்தில் திணறும், கால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் துள்ளும். இது திணறவில்லை. குரல் மட்டும் அரைச் சுரம் இறங்கியது. ஏறியது, உச்சியில் நின்றதுபோல இருந்தது, அதே வேகத்தில் இறங்கியது. பின்சில்லுகளும் அப்படியே.

"திரும்பிப் பாக்காதை," என்றாள் அம்மா.

"பாக்கேல்லை."

இரண்டாவது, மூன்றாவது. ஒரு இடத்தில் ஏற்றம் கூட, அவள் பெருவிரல் கனத்தை மட்டும் பெடலில் வைத்தாள். அவள் வேலை செய்யும் இடத்துத் திரையில் இந்த வேகத்துக்குக் கோடு கிடையாது. மூன்று தொன் மணவறையை மண்டபப் படிவரை அலுங்காமல் கொண்டுபோவது எந்தப் பரிசோதனையிலும் இல்லை. இப்படி ஊர்ந்தால் ஒரு மைலுக்கு எவ்வளவு டீசல் போகும் என்று மனம் பழக்கத்தில் கணக்கைத் தொடங்கியது. பாதியில் விட்டுவிட்டாள்.

பெரிய றோட்டில் திரும்பினார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. கோழிக்கடை வாசலில் நின்றவர் ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

பொண்ட் என்று பெயர் மட்டும் மிஞ்சிய, தண்ணீர் இல்லாத சுற்றுவட்டம் வந்தது. ஓரமாக நிறுத்தினாள். நிறுத்துவதும் புறப்படுவதைப் போலத்தான், எப்போது நின்றது என்று தெரியக்கூடாது. கறுப்புக் கார் பின்னால் வந்து நின்றது. அதன் பின்கதவு தானாக மேலே எழும்பித் தயாரானது. கொலின் பெரியப்பாவைப் பார்த்தான்.

ஜெனோஜா இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து முன்னே பார்த்தபடி இருந்தாள். அம்மாவின் கை அவள் முழங்கையில் வந்து பட்டுவிட்டு விலகியது.

பெரியப்பா நெடுநேரம் குனிந்திருந்தார். பிறகு தட்டின் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டினார். மணவறை ஏற்றி முடிந்ததும் அப்பா தட்டுவதைப் போல. கண்ணாடியில் அவர் கை முன்னோக்கி அசைந்தது.

"போ."

அதற்குப் பிறகு அவர் தட்டுப் பக்கம் நடக்கவில்லை. முன்னால் போய் கொலினுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். தொப்பிக்காரனும் கோட்டுக்காரனும் ஒரே அடி எடுத்து வைத்து நடந்தார்கள். மயான வாசல்வரை பெரியப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தகன மண்டபத்தின் முன் கூரைக்கடியில் நிறுத்தினாள். சுவரில் ஒரு பலகை: காத்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தவும். அவள் கை சாவிக்குப் போனது. இந்தப் பலகைகள் சொல்வது சரி என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அவள் சாவியைத் திருகுமுன் பெரியப்பா வண்டியின் பின்னால் வந்தார். அவள் இறங்கிப் போய் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். குடத்தின் விளிம்பில் தண்ணீர் நின்றது. எஞ்சின் துடிப்புக்கு நடுவிலிருந்து மெல்லிய வளையங்கள் கிளம்பி, விளிம்புவரை வந்து, அங்கேயே அடங்கின. பெரியப்பா குடத்தைச் சுற்றிக் கம்பளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய கல்யாணம் ஏதோ ஒன்றின் ஜிகினாத்தூள் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

"தம்பி, வா. இரண்டு கையாலயும் பிடி," என்று றொஜனைக் கூப்பிட்டுக் குடத்தை அவன் தோளில் ஏற்றினார். தண்ணீர் அவன் கழுத்தில் வழிந்தது.

கொலின் வந்து பலகையை மரியாதையாகக் கைகாட்டினான். ஜெனோஜா சாவியை எடுக்கத் திரும்பினாள்.

"கொஞ்சம் நிண்டு ஓடட்டும், பிள்ளை," என்றார் பெரியப்பா.

பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். சிவமலர் முன்சீற்றிலிருந்து இறங்கி, ஒருவரையும் கேட்காமல், பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். ஜெனோஜா அவளோடு சேர்ந்துகொண்டாள். கதவு திறந்து கிடந்த பிக்கப், வெறும் கம்பளத்தோடு, பலகைக்கு முன்னால் ஆறு சிலிண்டரிலும் ஓடிக்கொண்டு நின்றது.