பத்தொன்பது புளியங்கொட்டை

பத்தொன்பதாவது புளியங்கொட்டையை வைத்ததும் பிளாரன்ஸ் கையை எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் டப்பில் மிதந்த அவளுடைய சின்னப் படகில் தண்ணீர் ஏற இன்னும் ஒரு விரல் இடம் இருந்தது.

"இன்னும் போடுளா, முங்கலயே," என்றான் ஹென்றி. அவனுடைய படகு நாற்பத்தொரு கொட்டைகளோடு, விளிம்பு தண்ணீரைத் தொடும்படி நின்றது.

"போதும்."

"அடியில மண்ணப் போட்டு வச்சிருக்கா! இது படகா, பூந்தொட்டியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். விஜிலா பிளாரன்ஸின் பக்கம் திரும்பினாள். பதினோராம் வகுப்பு படிக்கும் அவளும் லிங்கராஜும் வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் இந்தத் தொடக்கப் பள்ளிக்கு வந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செய்து காட்டுகிறார்கள். போன மாதம் இப்படித்தான் எல்லோரும் சிரித்தார்கள் என்று பிளாரன்ஸ் இரண்டு வாரம் வரவில்லை. விஜிலா வீடு தேடிப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். இன்றும் அழுதுகொண்டு போனால் இனி வரவே மாட்டாள்.

ஆனால் இது விஜிலா தானே யோசித்து உண்டாக்கிய முதல் பாடம். எல்லோருக்கும் ஒரே அளவு அலுமினியத் தாள், லிங்கராஜ் அப்பாவின் பரோட்டாக் கடையிலிருந்து. இறுக்கி நசுக்கிப் போட்டால் முங்குகிற அதே தாள், அகலமான படகாக மடித்தால் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கும். ஒதுக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு பாரம் தாங்கும். அதிகக் கொட்டை தாங்கும் படகு ஜெயிக்கும். வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஈர மணலை அவள் யோசிக்கவே இல்லை.

"ஹென்றி ஜெயிச்சுட்டாம்னு சொல்லி முடிளா, நேரமாச்சு," என்று காதில் கிசுகிசுத்தான் லிங்கராஜ்.

சொல்ல வாயெடுத்தவள் பிளாரன்ஸின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "மண்ணு எதுக்குளா போட்ட?"

"எங்கப்பா தோணி சரக்கில்லாம திரும்பும்போது அடியில மண்ணப் போட்டுதான் வருவாவ." பிளாரன்ஸ் டப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒங்க கடல்ல காத்தே இல்லையே."

லிங்கராஜ் வாய்விட்டுச் சிரித்தான். "மாட்டுனியா விஜிலா!"

மாட்டித்தான் போனாள். பாரத்தை யோசித்தவள் அலையை மறந்துவிட்டாள், அதுவும் அலைச்சத்தம் கேட்கிற தெருவில் பிறந்து வளர்ந்தவள். முகம் சூடேறியது. ஆனால் சொந்தத் தங்கச்சி கால்பந்தில் கோல் போட்டதுபோல ஒரு பெருமையும் சேர்ந்து ஏறியது.

"சரி, காத்தடிக்கட்டும்!"

அவளும் லிங்கராஜும் டப்பின் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். ஹென்றியின் படகு சற்றுச் சாய்ந்தது. சாய்ந்த பக்கமே கொட்டைகள் எல்லாம் உருண்டன. உருண்ட பாரம் அதை இன்னும் சாய்த்தது. ஒரே மடக்கு தண்ணீர், அவ்வளவுதான். மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. பிளாரன்ஸின் படகும் சாய்ந்தது. ஆனால் ஈர மணல் அடியோடு ஒட்டிக் கிடந்தது. அந்தப் பாரம் கீழிருந்து இழுத்து அதை நிமிர்த்தியது. மணலில் பதிந்த பத்தொன்பது கொட்டைகளும் அப்படியே இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை.

"ஏளா, எனக்குங் கொஞ்சம் மண்ணு தா," என்றான் ஹென்றி.

"கொழாயடில கெடக்கு. போய் அள்ளு."

வகுப்பே வெளியே ஓடியது. லிங்கராஜும் பின்னால் ஓடினான். பிளாரன்ஸ் மட்டும் போகவில்லை. டப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்கக்கா. இன்னும் பலமா ஆட்டணும்."

"முங்கிரும்ளா."

"எவ்வளவு ஆட்டுனா முங்குதுன்னு பாக்கணும்லா?"

விஜிலா பிடித்தாள். இருவரும் ஆட்ட, தண்ணீர் திரண்டு எழும்பியது. படகு ஒருபக்கமாகப் படுத்தது. அதன் விளிம்பைத் தாண்ட மயிரிழை இருக்க, தண்ணீர் நின்று பளபளத்தது. பிளாரன்ஸ் கண்ணைச் சிமிட்டவில்லை.