கடைசி நிமிஷத்து விசில்

கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் இரு அணித் தலைவர்களுக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தபோதே நடுவர் ஆர்லனின் கண் உள்ளூர்க் கல்லூரியின் பெஞ்சுக்குப் போய்விட்டது. ஓரத்து நாற்காலியில் டோபின் உட்கார்ந்திருந்தான், மடியில் ஊன்றுகோலுடன். வரமாட்டான் என்று ஆர்லன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே வளையத்தின் கீழே, டோபின் பந்தோடு எழும்பியபோது எதிரணிக்காரன் ஒருவன் அவன் காலடியில் இடுப்பைக் கொண்டுபோய்ச் செருகினான். கண்ணெதிரே நடந்த ஃபவுல். விசில் ஆர்லனின் வாயில்தான் இருந்தது, ஊதவில்லை. அயோவா மாநிலத்தில் எந்த நடுவரும் கடைசி நிமிஷத்தில் லேசில் ஊதமாட்டார். ஆட்டத்தைப் பையன்கள்தான் முடிக்க வேண்டும், விசில் முடிக்கக்கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம். டோபினின் முழங்கால் போன சத்தம் அன்று அவர் காதுக்குள் புகுந்ததுதான். பகலில் வேலை பார்க்கும் சோளக் கிடங்கில் எடை போடும்போதும் திடீரென்று கேட்கும். கை அப்படியே நின்றுவிடும்.

களத்துக்கு வருவதற்கு முன், உடைமாற்றும் அறையில் கூட்டாளி நடுவர் லைல் ஷூ கட்டியபடி சிரித்திருந்தார். "கடைசி நிமிஷத்துல கைய பாக்கெட்டுல வச்சுக்கப்பா. ரத்தம் வந்தா மட்டும் ஊது."

ஜெயிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். தோற்பவர்களுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான். பையன்கள் முரட்டுத்தனமாகத்தான் ஆடினார்கள். முன்கையால் நெட்டித் தள்ளினார்கள், தோளால் முட்டினார்கள். ஊதினாலும் திட்டு, ஊதாவிட்டாலும் திட்டு. "அந்த ஆளுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்கய்யா" என்று மேல்வரிசையில் ஒரு பெண்மணி கத்த, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஒன்பது வினாடி பாக்கி. உள்ளூர் அணி ஒரு புள்ளி முன்னால். எதிரணிக்காரன் பந்தோடு அதே வளையத்துக்குப் பாய்ந்து எழும்பினான். உள்ளூர்ப் பையன் எம்மெட் விதிப்படி காலை ஊன்றி, கைகளை நேராக உயர்த்தி நின்றான். ஆர்லனுக்குத் தெரிந்ததோ ஓர் இடுப்பு, காலடியில் நுழைகிற இடுப்பு. அந்தச் சத்தமும் கேட்டது. அவர் ஊதிவிட்டார்.

பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. எறிந்தவன் இரண்டு காலிலும் பத்திரமாக வந்து இறங்கினான். எம்மெட் அவனைத் தொடவேயில்லை. ஊதிய ஃபவுலைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை. ஃபவுலுக்காக எதிரணிக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே விழுந்தன. மிச்ச வினாடிகளில் ஒன்றும் போட முடியாமல் உள்ளூர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. லைல் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வெளியேறும் வழி பெஞ்சை ஒட்டித்தான். டோபின் ஊன்றுகோலில் எழுந்து நின்றான்.

"அன்னைக்கு ஊதல சார், சரி. இன்னைக்கு எதுக்கு ஊதுனீங்க? அவன் தொடக்கூட இல்லியே."

"தெரியும்ப்பா," என்றார் ஆர்லன். "நான் பாத்தது உன்னைய."

டோபினின் பார்வை அவரைத் தாண்டி ஆடுகளத்துக்குப் போயிருந்தது. ஆர்லனும் திரும்பினார். காலியாகிக்கொண்டிருந்த அரங்கில், வளையத்துக்குக் கீழே, தான் நின்ற இடத்திலேயே எம்மெட் நின்றுகொண்டிருந்தான், இரண்டு கைகளையும் நேராக மேலே உயர்த்தி, யாராவது பார்க்கட்டும் என்று.