மாமனாருக்கு மூன்று எடைக்கல்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. படிக்கட்டில் காதில் விழுந்தது.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் அன்று 'சோதனை நடக்கிறது' என்று ஒரு அட்டை தொங்கியது. ஐந்தாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில், நீல உடுப்பு அணிந்த ஒருவர் சுவரில் சாய்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க மாமனார அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். சாம்பல் வண்டிக்குப் பக்கத்துல பாருங்க. ஆமா, மூணும் ஒண்ணாத்தான் இருக்கும்."

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்திவிட்டார். அவ்வளவுதான் கிடைத்தது. லிஃப்டுக்குள் பிடி வைத்த இரும்பு எடைக்கற்கள் வரிசையாக இருந்ததையும் பார்த்தேன்.*

ஒரு லிஃப்ட் பரிசோதகர், ஒரு சாம்பல் வண்டி, மூன்றாக இருக்கும் ஒரு மாமனார். மீதியெல்லாம் என் கற்பனை. பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

* ஒரு கல் இருபத்தைந்து கிலோ. ஆறு பேர் ஏறும் லிஃப்ட் பாரம் தாங்குமா என்று பார்க்க ஆறு பேரை ஏற்றுவதில்லை. பதினெட்டுக் கல்லை ஏற்றுவார்கள். விழுந்தால் கல் விழட்டும் என்றுதான். இதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'சிவப்பு என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு'

வேண்டாம். நிறத்தில் தொடங்கினால் நான் மூன்று பக்கத்துக்குத் தரையிறங்க மாட்டேன். அடுத்து:

'லிஃப்ட் பரிசோதகரின் பழைய கார் செவ்வாய்க்கிழமை ஒரு சிக்னலில் நின்றது. அதன் பிறகு கிளம்பவே இல்லை.'

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

பழைய கார்கள் விற்கும் ஒரு முற்றத்தில் அவருக்கு இரண்டு வண்டிகள் பிடித்துப்போயின. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சாம்பல் நிறம். ஏழு பேர் உட்காரலாம், பின்கதவைத் திறந்தால் ஒரு கட்டிலையே ஏற்றலாம். மற்றது சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாகக் குனிந்து, ஓட்டப் பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருப்பவனைப்போல நிற்கும். பின்னால் சீட் என்ற பெயரில் இரண்டு குழிகள். சனிக்கிழமை மதியம் வரை இரண்டையும் பிடித்துவைப்பதாக விற்பனைப் பெண் சொல்லியிருந்தாள்.

அவருக்கு ஏன் சிவப்பு? பதினாறு வருடமாக அவருடைய வேலை மேலே போகிறது, கீழே வருகிறது. முன்னால் போகிற எதுவும் அந்தத் தொழிலில் கிடையாது.

பிறகு ஏன் சாம்பல்? மாமியார் போனபின் மாமனார் ஊரின் மறுகோடியில், ஓர் இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். போன வருடம் இடது கால் விழுந்துவிட்டது. இப்போது சக்கர நாற்காலி. அவரைத் தங்களோடு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது பரிசோதகருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தை இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும். அதனால் எல்லோரும் காரைப் பற்றியே பேசினார்கள்.

(இதை நான் கடைசிவரை மறைத்துவைத்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை.)

3

வியாழக்கிழமை மதியம், அலுவலக வேனிலிருந்து ஆறு எடைக்கற்களை இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து முற்றத்துக்குள் உருட்டிவந்தார்.

"என்ன சார் இது? உடற்பயிற்சிக் கூடம் போடப் போறீங்களா?" என்றாள் விற்பனைப் பெண்.

"எங்க வீட்டு ஆளுங்க மேடம். எல்லாருக்கும் வேலை, ஸ்கூல். வர முடியல."

முன்சீட்டில் இரண்டு: மனைவி. கடைசி வரிசையில் ஒன்று: எட்டு வயது மகள். நடு வரிசையில் மூன்று: மாமனார். பெல்ட் போடாவிட்டால் வண்டி கீக்கீ என்று கத்தியது. எனவே எல்லோருக்கும் பெல்ட் போட்டுவிட்டார்.

"மாமனாரு நல்ல வாட்டசாட்டமா?"

"எழுபத்தஞ்சு கிலோ."

"ஓட்டிட்டு வாங்க. அவரு சத்தம் போடாம இருக்காரு பாருங்க, அதிர்ஷ்டசாலி நீங்க."

சாம்பல் வண்டி தொழில்முறைப்படி ஒரு குறையும் இல்லாதது. வளைவில் சாயவில்லை, பிரேக்கில் முக்கவில்லை. ஆறு கல்லும் ஆடாமல் அசையாமல் வந்தன. திரும்பிவந்து இறங்கியபோது, எங்கே போய்வந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

அடுத்தது சிவப்பு. மனைவியை முன்னால் வைத்தார். மகளைப் பின்குழியில் இறக்கினார். மூன்று கற்கள் பாக்கி. அளவு நாடாவை எடுத்தார். மடித்த சக்கர நாற்காலியின் அளவு அவருக்கு மனப்பாடம். டிக்கியில் நுழையாது. பின்சீட்டை மடக்கினால் நுழையும். மடக்கினால் மகளுக்கு இடமில்லை. நாற்காலி ஏறினால் மகள் இறங்க வேண்டும். மகள் ஏறினால் நாற்காலி இறங்க வேண்டும்.

நாடாவை இரண்டாம் முறை பிடித்தார். இரும்புத் தகடு என்ன, இரக்கப்பட்டு இரண்டு அங்குலம் விட்டுக்கொடுக்கவா போகிறது?

மூன்று கற்களையும் சாம்பல் வண்டியின் நிழலில் வைத்தார். "ஒரு நிமிஷம் மாமா" என்றார். (இதை அவர் உண்மையில் சொன்னாரா? என் கதையில் சொன்னார்.)

4

'அவர் சாவியைத் திருப்பியதும் அவருக்குள் ஏதோ ஒன்று'

இந்த 'ஏதோ ஒன்று' எனக்குக் கைவந்த வித்தை. என்ன எழுதுவது என்று தெரியாதபோதெல்லாம் அதைத்தான் வைப்பேன். இந்த முறை வைக்கப்போவதில்லை.

நடந்தது இதுதான். மேம்பாலத்தில் ஏறும்போது கியரை ஒன்று குறைத்து மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பின்குழியில் மகள் 'டொங்' என்றாள். அவர் சிரித்தார், தனியாக, சத்தமாக. பாலத்தின் உச்சியில் வானம் தவிர வேறெதுவும் கண்ணாடியில் இல்லை. இறங்கும்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது என்பது யாரோ சொன்ன வதந்திபோல இருந்தது.

அந்தச் சிரிப்போடு வண்டியைக் கொடுத்தார், மனைவியையும் மகளையும் வேனில் ஏற்றினார், எங்கள் கட்டடத்துக்கு வந்துசேர்ந்தார். லிஃப்டில் கற்களை அடுக்கினார். பதினைந்து. மறுபடி எண்ணினார். பதினைந்து. இத்தனை வருடத்தில் ஒரு கல்லை அவர் எங்கும் விட்டதில்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்துக்கு ஏறிப்போய், சுவரில் சாய்ந்து, தொலைபேசியை எடுத்தார். அப்போதுதான் நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

5

அவருடைய மனைவி பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். (மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார், மெழுகில் வார்த்து, பல் அடுக்கி, மெருகேற்றி அனுப்புவது இவள்.) முதல் பிரதியில் அவளை வாயைத் திறந்தாலே சாம்பல் வண்டி என்று சொல்கிறவளாக எழுதியிருந்தேன். குடும்பப் பொறுப்பு என்றால் உடனே மனைவியின் தலையில் கட்டிவிடும் சோம்பேறித்தனம். கிழித்துவிட்டேன். இது இரண்டாம் பிரதி. அன்று சாயங்காலம், சமையலறை.

"எனக்கு எத்தன கல்லு?"

"ரெண்டு."

"அம்பது கிலோவா நானு?"

"ஏறக்குறைய."

"இப்படிப் புளுகுற வாய்க்கு நானே ஒரு நாள் பல்லு கட்டப் போறேன் பாருங்க." வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பாவ எங்க உக்கார வெச்சீங்க?"

"நடு சீட்ல."

"சிவப்புல?"

அவர் குழாயைத் திறந்து, கழுவிவைத்த டம்ளரையே மறுபடி கழுவினார். மகள் கூடத்திலிருந்து கத்தினாள்: "சிவப்புல பின்சீட்டு எனக்கு மட்டும்தான் பத்தும்! வேற யாரும் வர முடியாது!"

"அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் அவர். "மறந்துட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்கும் அந்தச் சிவப்புதாங்க புடிச்சிருக்கு" என்றாள். "போட்டோல பாத்ததுலேர்ந்து. அதான் பயமா இருக்கு."

அவர் குழாயை மூடினார். பிறகு அவள், சம்பந்தமே இல்லாததுபோல, சொன்னாள்: "அப்பாவோட பல்செட்ட நாலு மாசத்துல ரெண்டாவது தடவ சரிபண்ணிட்டேன். நிக்கவே மாட்டேங்குது."

"ஏன், அச்சு சரியில்லையா?"

"அச்செல்லாம் சரியாத்தான் இருக்கு."

6

இங்கே வந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இவ்வளவு தூரம் வந்தும் மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பரிசோதகரைக் கேலி செய்கிற நான் என்ன செய்திருக்கிறேன்? அந்த மனிதரை மூன்று இரும்பாகவே வைத்துக் கதையை இத்தனை பக்கம் ஓட்டிவிட்டேன். அவருக்கும் பெல்ட் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

எனவே வெள்ளிக்கிழமை மாலை பரிசோதகரை அந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு அனுப்புகிறேன். அவர் உள்ளே வந்ததும் எப்போதும்போலக் குனிந்து சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, தள்ளிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் செய்வது இது. அக்கறையை அவருக்கு வேறு மாதிரிக் காட்டத் தெரியாது.

"புடிக்குதா மாமா?"

"அதெல்லாம் ஜோரா புடிக்குது. நாளைக்கி வண்டி எடுக்குறியாமே மாப்ளே? பாப்பா போன்ல சொன்னா. எது?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அதுக்கு என்னைய என்ன கேக்க வந்திருக்க?"

பரிசோதகர் வாயைத் திறந்தார். கேட்க வேண்டிய கேள்வி தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது வேறு.

"மாமா, நீங்க எவ்ளோ வெயிட்டு?"

மாமனார் பல்செட் நழுவும் அளவுக்குச் சிரித்தார். கையால் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டார். "நான் என்ன லிஃப்டா, என்னைய எடை போடுறதுக்கு? அம்பது. ஆஸ்பத்திரில போன மாசம் பாத்தது. முழு அம்பது கூட இல்ல."

எழுபத்தைந்து என்பது கல்யாணத்தின்போது பார்த்த மாமனார். அவரைத்தான் பரிசோதகர் பத்து வருடமாக மனதில் வைத்திருந்தார். இப்போது இரண்டு கல் போதும். மூன்றாவது கல்லுக்கு ஆள் இல்லை. நிற்காமல் நழுவும் அந்தப் பல்செட்டைப் பற்றி மனைவி என்ன சொல்லவந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

[இந்த இடத்தில் மாமனார், 'நாற்காலி நிக்குதான்னு பாக்குற, எங்க போகணும்னு எப்பவாச்சும் கேட்டியா?' என்று சொல்வதாக எழுதினேன். நல்ல வசனம்தான், அதனாலேயே அழித்தேன். அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. அது நான் பேசுவது.]

அவர் உண்மையில் சொன்னது:

"டீ போடட்டுமா மாப்ளே?"

"நான் போடுறேன் மாமா."

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: சாம்பல். மாமனாரை அழைக்கிறார்கள். 'எனக்கு என் வீடு போதும்' என்று அவர் வர மறுத்துவிடுகிறார். ஏழு இருக்கையில் நான்கு காலியாக வண்டி வருடக்கணக்கில் ஓடுகிறது. (கொடுமையாக இருக்கிறது.)

இரண்டாவது: சிவப்பு. மாமனார் வந்துவிடுகிறார். எங்கே போனாலும் இரண்டு நடை: முதலில் அவரும் நாற்காலியும், பிறகு மனைவியும் மகளும். சிவப்பு வண்டிக்கு இரண்டு நடை ஒரு பொருட்டா? (மிகவும் சமர்த்தான முடிவு. இவ்வளவு சமர்த்து அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.)

மூன்றாவது: 'சனிக்கிழமை மதியம் பரிசோதகர் முற்றத்துக்குப் போனபோது இரண்டு வண்டிகளும்'

முடியவில்லை. நான் படித்து வளர்ந்த மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் தீர்மானம் எடுக்க வேண்டியிருந்தால் ரயிலேறி, சன்னலோரம் உட்கார்ந்து, பனியைப் பார்ப்பார்கள். ஊர் வருவதற்குள் தெளிந்துவிடும். இவருக்கு ரயிலும் இல்லை, பனியும் இல்லை. சாம்பல் எடுத்தால் அது பாசமா, சிவப்பு எடுத்தால் அது பாவமா என்று என்னிடம் கேட்டால் எனக்கும் தெரியாது. வண்டியை எடுப்பது ஒன்று. வீட்டுக்கு வாங்க என்று கேட்பது ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது அவரா, நானா என்பதுகூட இப்போது நினைவில்லை.

எனக்குத் தெரிந்தவரை எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. மாமனார் கட்டிலோரம் நாற்காலியில் இருக்கிறார். கீழே தெருவில் ஒரு ஹாரன். இரண்டு முறை, சின்னதாக. ஹாரனை வைத்து வண்டியின் நிறம் தெரியாது. கார்க்கதவு சாத்தும் சத்தம் ஒன்று கேட்கிறது. அடுத்து இன்னொன்று கேட்டதா என்று அவருக்கு உறுதியாக இல்லை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் கிளம்புகிறது, யாரோ மேலே வருகிறார்கள். கேள்வியோடு வருகிறார்களா, பிரேக்கைப் பார்க்க மட்டும் வருகிறார்களா, அதுவும் தெரியாது.

அவர் கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொள்கிறார். விரலால் அழுத்திப் பார்க்கிறார். பிறகு பிரேக்கை விடுவிக்கிறார்.

சன்னலுக்கு நான்கு உருட்டல் தூரம். அவர் கை மெலிந்தது, நிதானமாகத்தான் உருட்டுவார். லிஃப்டும் பழையது, இரண்டு மாடி ஏற நேரம் பிடிக்கும். இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டும் நல்ல கால். அவருக்கு முன்னால் நீங்கள் போய் எட்டிப் பார்த்துவிடலாம், அல்லது வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவிடலாம்.

இரண்டில் ஒன்றுதான் முடியும்.