சும்மா இருக்கத் தெரியாத கை

தசை அசைவதற்கு முன்பே அதன் துடிப்பு திரையில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. நாளெல்லாம் திரையில் ஓடும் கோட்டையே முறைத்துக்கொண்டிருப்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘கோடு மேடம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு போனில் அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு முடிதிருத்துபவர். கண்ணாடிக் கதவு உடைந்து விழுந்ததில் வலது மேற்கையில் நரம்பு அறுந்து, அதைத் தைத்து மாதக்கணக்காகிவிட்டது. மணிக்கட்டு தொங்கியது தொங்கியபடியே இருந்தது. தைத்த நரம்பு தசை வரை வளர்ந்து போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. இன்றும் துடிப்பு தெரியாவிட்டால் வேறு தசைநாரை எடுத்து மாற்றித் தைப்பதாகப் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கத்தரிக்கோல் பிடிக்கும் பழைய நெளிவு சுளிவு திரும்புமா என்று கேட்டதற்கு அவர் பிடிகொடுத்துப் பேசவில்லை.

முன்கையில் துடிப்பைப் பிடிக்கும் பட்டைகளை ஒட்டினாள். “முதல்ல கையைச் சும்மா வைங்கண்ணா. ஒண்ணும் பண்ணாதீங்க.”

திரையில் கோடு புல் முளைத்தது போல நடுங்கிக்கொண்டே ஓடியது. எந்த உடம்பிலும் இந்த இரைச்சல் உண்டு. சும்மா இருக்கும்போது அது எவ்வளவு உயரம் என்று மெஷின் அளந்து, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புக் கோடு போடும். தசை உண்மையிலேயே உழைத்தால் துடிப்பு அந்தச் சிவப்பைத் தாண்ட வேண்டும். தாண்டி நிற்கவும் வேண்டும். ஒரு தும்மலுக்குத் தாண்டினால் செல்லாது.

“இப்ப மணிக்கட்டைத் தூக்குங்க.”

அவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. துடிப்பு சிவப்புக்குக் கீழேயே கிடந்தது. மறுபடி தூக்கச் சொன்னாள், மறுபடியும் அதேதான். கல்லில் நார் உரிக்கிற வேலை. ‘இல்லை’ என்று எழுத வேண்டியதுதான் பாக்கி. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது,” என்றாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த அவர் மனைவி. “நம்ம தையல்காரர் சவரத்துக்கு எதிர்க்கடைக்குப் போனாரே, ஒரு பக்க மீசையைக் காணோம் மேடம். என்னண்ணே இதுன்னு கேட்டா, ‘உன் வீட்டுக்காரர் திரும்பி வர்ற வரைக்கும் மீசை இருக்கிற பக்கத்தைத்தான் ஊருக்குக் காட்டுவேன்’கிறார்.”

கேட்டுக்கொண்டிருந்த கணவர் சிரித்துவிட்டார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தோள் தளர்ந்து, நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பு அடங்கியபோது திரையில் புல்லும் அடங்கியது. அவருடைய கோடு இவ்வளவு தாழ்ந்து அவள் பார்த்ததே இல்லை.

“அண்ணா, சும்மா இருங்கன்னு சொன்னப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அவர் திருதிருவென்று விழித்தார். “உள்ளுக்குள்ள தூக்கிட்டுதான் இருந்தேன். விட்டா போயிடுமோன்னு பயம். பஸ் ஏறினதுலேருந்தே தூக்கிட்டுதான் வர்றேன்.”

“பாத்தீங்களா? சும்மா இருன்னா இருக்கிற ஜென்மமா இது?” என்றாள் மனைவி.

கோடு மேடத்துக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மனுஷன் உழைத்த உழைப்பையெல்லாம் ஓய்வு என்று மெஷின் கணக்கில் எடுத்திருக்கிறது. அதைத் தாண்டு என்றால் எங்கே தாண்டுவது? தான் கவனிக்காமல் போனதும் அவளுக்கு உறைத்தது.

“அக்கா, நீங்க பேசிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.”

இப்படி ஒரு வரத்தை அந்த அம்மாவுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. தையல்காரரின் மீசைக்கு அவர் சம்சாரம் சொன்ன யோசனையை எடுத்துவிட்டாள். கணவர் கையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின் புதிதாக அளந்தது. சிவப்புக் கோடு இறங்கி உட்கார்ந்தது.

“இப்ப தூக்குங்கண்ணா.”

துடிப்பு எழுந்தது. சிவப்பைத் தாண்டியது. மெஷின் கூவியது. அவள் உடனே நம்பிவிடவில்லை. “விடுங்க,” என்றாள், தாழ்ந்தது. “தூக்குங்க,” என்றாள், எழுந்து, நின்றது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

“கை அசையலையே மேடம்?”

“இப்ப அசையாதுண்ணா. நரம்பு வந்து சேந்துருச்சு. பலம் வர நாளாகும். இதைப் பாத்தா டாக்டர் ஆப்பரேஷனைத் தள்ளி வெச்சுடுவார்.”

அவர் மேஜைமேல் கிடந்த கையையே பார்த்தார். “அப்ப போன தடவையும் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம்.”

“பாவம் இது,” என்றார். “இருக்கேன் இருக்கேன்னு சொல்லிட்டே இருந்திருக்கு. நான்தான் காது கேக்க விடாம கத்திட்டே இருந்திருக்கேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். கோடு மேடத்துக்கும் கண் கலங்கியது. வெளியே வரிசை நீளமாகத்தான் இருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட அவளுக்கு அவசரமில்லை.