விழுந்து கிடக்கும் மரம்

புஷ்பலதா கேட்டருகே நின்றிருந்தாள். காலில் புதிய கறுப்பு ரப்பர் சப்பாத்து. பால்மரத்தில் ரப்பர்ப்பால் எடுக்கிறவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் போடுவது. விலைச்சீட்டின் பசை ஒரு குதிகாலில் இன்னும் ஒட்டியிருந்தது. கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே கற்பூரமும் தீப்பெட்டியும் இருப்பது வெளியே தெரிந்தது. தேவன் வாசற்படியில் உட்கார்ந்து, அட்டை ஏறாமலிருக்க நீளக் காலுறையை முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டிருந்தான். தங்கையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

“நானும் வாரேண்ணே.”

“முடியாது புஷ்பா.”

“அப்ப எங்கன்னு மட்டும் சொல்லு.”

அவன் அடுத்த காலுறையை எடுத்தான்.

அவள் புருஷன் யுகேந்திரன் இறந்து ஐந்து வருஷமாகிறது. எஸ்டேட்டில் பால்மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது வேலை போனவர்களில் அவனும் ஒருவன். தேவன்தான் அவனைக் காடு அளக்கும் வேலையில் சேர்த்துவிட்டான். சேர்ந்த இரண்டாம் வருஷம், காட்டுக்குள் மரம் விழுந்து செத்தான். உடலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஈப்போ மருத்துவமனையில் முகத்தை மட்டும் திறந்து அவளிடம் காட்டினார்கள். சாம்பலை லூமுட் கடலில் கரைத்தாயிற்று. அவன் எங்கே விழுந்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. காட்டின் பெயர் போலீஸ் ரிப்போர்ட்டில் இருந்தது. அந்தக் காடு ஒரு மாவட்டம் அளவுக்குப் பெரியது.

இடத்தைச் சொல்லக்கூடாது என்பது வேலையின் விதி. காட்டில் அங்கங்கே சிறு வட்டங்களைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் மரங்களை அளந்து, காடு காற்றிலிருந்து எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கணக்கிடுவார்கள். கணக்கு வெளிநாட்டுக்குப் போகும். ஐந்து வருஷம் கழித்து அதே வட்டத்தை மறுபடி அளப்பார்கள். வட்டம் எங்கே என்று யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது. தெரிந்தால் அதை மட்டும் பாதுகாப்பார்கள், அல்லது அதை மட்டும் வெட்டுவார்கள். இரண்டும் பொய்க்கணக்கு. அதனால் பாதை போடுவதில்லை, சாயம் பூசுவதில்லை. நடுவில் ஓர் இரும்புத்துண்டைப் புதைத்துவிட்டு வருவார்கள். யுகேந்திரன் விழுந்ததும் அப்படி ஒரு வட்டத்துக்குள்தான். தேவன் இதையெல்லாம் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். இடம் தெரிந்தால் அவள் எப்படியாவது போவாள். மஞ்சள் துணி கட்டுவாள், கல் நடுவாள். பிறகு நாலு பேர் வருவார்கள். இதைச் சொன்னபோது அவள், “வச்சா என்ன?” என்று கேட்டாள். இன்னொரு நாள், “என் புருசன் செத்த எடம் கவர்மெண்டு ரகசியமா?” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சகாலம் கேட்கவில்லை. ஆனால் ஐந்து வருஷக் கணக்கை யுகேந்திரனே அவளிடம் சொல்லியிருந்தான். அவள் காத்திருந்தாள்.

ஹைலக்ஸ் வண்டி வந்து நின்றது. தேவன் எழுந்தான்.

“உசுரு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும்ணே. வெளக்கு வைக்கக்கூட ஆளில்ல.”

“நா போறேன்ல.”

“நீ அளக்கப் போற.”

வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் கனகராஜ் இருந்தான். சிலிம் ரிவர்காரன், வாய் ஓயாதவன். பக்கத்தில் ஈப்போ அலுவலக அதிகாரி முகுந்தன். பின்னால் கணக்கைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண். அவள் நாட்டுப் பணத்தில்தான் இந்த வேலை நடக்கிறது. வண்டி சந்திப்பைத் தாண்டியதும் கனகராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தமிழில் சொன்னான். “இவங்க ஊருல காரு வுடுற பொகைய நம்ம மரம் குடிக்குதுலா மச்சான். குடிச்சதுக்கு பில்லு போடுறது நம்ம வேல. சரியா போட்டிருக்கமான்னு பாக்கத்தான் அம்மா வந்திருக்காங்க.”

“கனகராஜ், ரோட்டைப் பார்த்து ஓட்டும்,” என்றார் முகுந்தன்.

சாலையோரப் பலகையில் சிம்பாங் பூலாய் என்ற பெயர் பின்னால் போனது. தேவன் அதைப் பார்க்கவில்லை. யுகேந்திரன்மேல் விழுந்தது ஒரு பூலாய் மரம். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். அதையும் அவன் தங்கையிடம் சொன்னதில்லை. அவள் தினமும் அந்தப் பலகைக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

செம்பனைத் தோட்டத்தின் மண்பாதை முடிந்த இடத்தில் வண்டியை விட்டு நடந்தார்கள். மூன்று ஆறுகள். கடைசி ஏற்றத்தில் கனகராஜும் பேசுவதை நிறுத்தினான். இரும்பைத் தேடும் கருவி தேவன் கையில் இருந்தது. அது ஒலிக்கும் முன்பே அவன் நின்றுவிட்டான்.

பூலாய் வட்டத்துக்குக் குறுக்கே கிடந்தது. பட்டை உரிந்து, மேலே பாசியும் காளானுமாக இருந்தது. மரம் விழுந்த இடைவெளியில் வெயில் இறங்கி, மெல்லிய கன்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. வேறு எதுவும் இல்லை. ஏதாவது இருக்கும் என்று தான் நினைத்திருந்தது தேவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலையைத் தொடங்கினார்கள். ஒருவன் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொல்வான். மற்றவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டும். தவறு நேராமலிருக்க அப்படி ஒரு பழக்கம். அன்றைக்கு யுகேந்திரன் நாடாவைப் பிடித்திருந்தான். அவன் கடைசியாகச் சொன்னது ஓர் எண். தேவன் அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு மேலே காற்றுச் சத்தம் கேட்டது. கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று புஷ்பலதா கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருந்தான். இப்போது கனகராஜ் எண்களைச் சொன்னான். தேவன் திருப்பிச் சொன்னான். ஒவ்வொரு முறையும் சொன்ன பிறகு மேலே பார்த்தான்.

நிற்கும் மரங்கள் முடிந்தன. விழுந்து கிடக்கும் மரமும் கணக்கில் சேரும். பருமனை அளந்த பிறகு பாராங்கத்தியால் ஒரு வெட்டுப் போட வேண்டும். கத்தி தெறித்தால் கெட்டி. கொஞ்சம் இறங்கினால் நடுத்தரம். முழுக்க இறங்கினால் உளுத்தது.

“நா வெட்டுறேன்லா மச்சான். நீ போயி தண்ணி குடி,” என்றான் கனகராஜ்.

“குடு.”

முகுந்தன் அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தொப்பியைக் கழற்றினாள். தேவனிடம் சாரி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை சொன்னாள். பிறகு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் போக முடியாது என்பதால், எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவன் ஓங்கினான். ஐந்து வருஷமாக அந்த மரத்தை எப்படியெல்லாம் வெட்டுவது என்று படுக்கையில் கிடந்து நினைத்ததுண்டு. கத்தி சத்தமில்லாமல் பிடிவரை இறங்கியது. பஞ்சுபோல் இருந்தது. இழுத்தபோது பழுப்புத் தண்ணீர் கசிந்து அவன் மணிக்கட்டில் ஓடியது.

“உளுத்தது,” என்றான்.

“உளுத்தது,” என்று கனகராஜ் திருப்பிச் சொல்லிப் பதிந்தான்.

புறப்படும்போது முகுந்தன் பின்தங்கினார். வட்டத்திலிருந்து ஒன்றையும் எடுக்கக்கூடாது, ஒன்றையும் வைக்கக்கூடாது என்று காலையில் சொன்னவர் அவர்தான். “தேவன், தங்கச்சிக்கு ஒரு துண்டு வேணுமெண்டா எடுங்கோ. நான் பார்க்கேல்ல,” என்றார்.

தேவன் குனிந்து வெட்டுவாயில் கைவைத்தான். ஒரு பிடி வந்தது. விரலால் நசுக்கினான். அது வெறும் ஈரமாகிப் போனது.

“வேணாம் சார். இது அவன் மேல விழுந்தது. இத எப்படி அவ கையில குடுக்குறது?”

முகுந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இருவரும் இறங்கினார்கள்.

வழியில் மழை பிடித்தது. மூன்று ஆறுகளிலும் தண்ணீர் ஏறியிருந்தது. கடைசி ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று அட்டைகளைப் பிடுங்கிப் போட்டு, சப்பாத்துகளைக் கழுவிக்கொண்டார்கள். தோட்டத்து மண்பாதையில் ஹைலக்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது. வெளிநாட்டுப் பெண்ணும் இறங்கித் தள்ளினாள். வண்டி நகர்ந்தபோது அவள் முகமெல்லாம் செம்மண். கனகராஜ் சிரித்தான். அவளும் சிரித்தாள். தேவனும் கொஞ்சம் சிரித்தான்.

வீடு வந்தபோது பொழுது சாயவில்லை. புதிய சப்பாத்து வாசற்படியோரம் ஜோடியாக இருந்தது. பிளாஸ்டிக் பை அதன்மேல் கிடந்தது. புஷ்பலதா வெறுங்காலோடு வெளியே வந்தாள். அவன் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். கழற்றியதை அவன் கீழே வைக்குமுன் அவள் வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கவிழ்த்தாள்.

“எப்படி இருந்துச்சி?”

“கன்னுங்க மொளச்சிருக்கு. நெறய. வெயிலு நல்லா விழுது.”

அவள் அடிப்பாகத்தைத் தடவினாள். பள்ளங்களில் சிவப்பு மண் அடைந்து கிடந்தது.

“இதுல அந்த எடத்து மண்ணு இருக்காண்ணே?”

அவன் மண்ணைப் பார்த்தான். செம்பனைத் தோட்டத்து மண். ஹைலக்ஸைத் தள்ளியபோது ஒட்டியது.

“இருக்கு,” என்றான்.

அவள் உள்ளே போய் ஓர் எவர்சில்வர் தட்டும் தேக்கரண்டியும் கொண்டு வந்தாள். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினாள். மண் சிறு துண்டுகளாகத் தட்டில் விழுந்தது. எட்டாத இடத்தில் சுண்டுவிரல் நகத்தை விட்டு எடுத்தாள். கடைசிப் பள்ளமும் சுத்தமானதும் சப்பாத்தை அவனருகே வைத்துவிட்டு, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினாள்.

“இன்னொண்ணக் குடு.”