மூன்றாம் தளத்துக் கதவு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்து. மூன்றாம் தளத்தில் இரண்டு கழிவறைகள், அடுத்தடுத்து. செல்வசிங் முதல் கதவிலிருந்து ஆண் படம் போட்ட பலகையைக் கழற்றினார். இரண்டாவது கதவில் பெண் படம் போட்ட பலகையை இழுத்தார். வரவில்லை.

விரலை விட்டு நெம்பினார். பின்னால் பசை காய்ந்திருந்தது.

எட்டு மணிக்குள் கதவின் போட்டோ தலைமையகத்துக்குப் போகவேண்டும்.

கம்பெனியின் தலைமையகம் வேறொரு நாட்டு நகரத்தில் இருந்தது. ஒருவர் மட்டும் போகும் கழிவறையின் கதவில் ஆண் என்றோ பெண் என்றோ போடக்கூடாது என்பது அந்த நகரத்தின் விதி. கம்பெனி அதை எல்லாக் கிளைகளுக்கும் விதியாக்கியது. வளைகுடாவில் இருந்த தேரா அலுவலகத்துக்கு நான்கு ஸ்டிக்கர்கள் வந்தன. வெள்ளையில் ஒரு கம்மோடு. ஆள் இல்லை. செவ்வாய்தோறும் கதவுகளை ஆப் வழியாகப் படமெடுத்து அனுப்பவேண்டும். விதி மீறப்பட்டிருந்தால், மீறியவர் பெயரையும் அனுப்பவேண்டும். நிர்வாக சூப்பர்வைசர் செல்வசிங்கின் வேலைகளோடு அதுவும் சேர்ந்தது.

ஸ்டிக்கர் ஒட்டிய மறுவாரம் கட்டடத்தைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். பெண்கள் கழிவறை எங்கே என்று கேட்டார். செல்வசிங் கதவைக் காட்டினார். அதிகாரி கம்மோடு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

மாலையில் கட்டட மேலாளர் ஹசன் அலி மேலே வந்தார். கீழக்கரைக்காரர்.

"எங்கயோ ஒரு ஊர்ல சட்டம் போட்டா தேராவுல கக்கூஸ் கதவு நடுங்கணுமா?"

"ஹெட் ஆபீஸ் உத்தரவு, பாய். நான் என்ன செய்ய?"

"உங்க ஹெட் ஆபீஸ் இங்க வந்து இருந்துட்டுப் போகட்டும். பொம்பளைப் படம் இன்னைக்கே மேல ஏறணும். கலாஸ், அவ்வளவுதான்."

செல்வசிங் இரண்டு பலகைகள் வாங்கி ஆணியில் மாட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் கழற்றுவார். அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்புவார். அன்று ஆப் மறுபடி படம் கேட்கலாம் என்று மறுநாள் காலைதான் திரும்ப மாட்டுவார். இதில் யாருடைய விதியை மீறுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் செவ்வாய் அன்று வரைபடப் பிரிவு ஆதித்யா மட்டும் கதவைப் பார்த்து நின்று, "நல்லா இருக்குண்ணா," என்றான். ஏன் என்று செல்வசிங் கேட்கவில்லை. புதன்கிழமை பலகைகள் திரும்ப ஏறியதும் அவன் படியிறங்கி இரண்டாம் தளத்துக்குப் போனான்.

பெயர் அனுப்பினால் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தது. இரண்டாம் தளத்தில் ஒருவன் ஸ்டிக்கரில் மீசை வரைந்தான். பெயர் போனது. மறுநாள் அவனுடைய கார்டுக்கு அலுவலகக் கதவு திறக்கவில்லை; வேலை போயிருந்தது.

ஏழு முப்பதுக்கு ரஹீமா பீவி வாளியோடு வந்தாள். இந்தத் தளத்தைத் துப்புரவு செய்கிறவள். ஊர் தொண்டி. விசா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கக் கேட்டிருந்தாள்.

"யாருக்கா இத ஒட்டுனது?"

"நான்தான் தம்பி. ரெண்டு நாளாச்சு. நல்லா புடிச்சிருக்குல்ல?"

"எதுக்கு ஒட்டுனிய?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நானா?"

"பொம்பளை கக்கூஸ் நான் கழுவணும். ஆம்பளை கக்கூஸ் அந்த நேபாளிப் பையன். வேலைத் தாளுல அப்படித்தான் இருக்கு. செவ்வாக்கிழமை ஆனா ரெண்டுலயும் படம் இல்ல. அவனும் தொடல, நானும் தொடல. எங்க கான்ட்ராக்ட்காரன் என்னைய நிக்க வச்சு ஏசுறான். உங்ககிட்ட வந்து எது என்னோடதுன்னு கேட்டேன். பொம்பளைப் படம் இருக்குறது உங்களோடதுன்னு சொன்னீங்க. அதான், இருக்கட்டும்னு ஒட்டிட்டேன்."

செல்வசிங்குக்கு நினைவு வந்தது. போனில் பேசிக்கொண்டே சொன்னது.

மேஜையிலிருந்து மிச்சமிருந்த ஸ்டிக்கரை எடுத்துவந்து பலகையின் மேல் வைத்துப் பார்த்தார். ஸ்டிக்கர் சின்னது. மேலே தலை தெரிந்தது. கீழே பாவாடையும் இரண்டு கால்களும் தெரிந்தன.

ரஹீமா பீவி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். "உக்காந்திருக்கா போல."

கத்தியை விட்டுப் பார்த்தார். பலகையின் ஒரு மூலை உடைந்தது. கதவுப் பூச்சும் கொஞ்சம் வந்தது. பெண் அப்படியே இருந்தாள்.

ஏழு நாற்பத்தைந்து. ஆப்பைத் திறந்தார். பழைய படத்தை அது எடுத்துக்கொள்ளாது. கதவை இருந்தபடியே படமெடுத்தார். மீறல் உண்டா என்று கேட்டது. உண்டு என்று அழுத்தினார். பெயர் கேட்டது. தன் பெயரை எழுதினார். புகார் தருபவரும் மீறியவரும் ஒருவராக இருக்க முடியாது என்று வந்தது. ஹசன் அலி என்று எழுதினார். ஊழியர் பட்டியலில் இல்லை என்று வந்தது. பெட்டியைக் காலியாக விட்டார். ஆப் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை.

எட்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் மீறல் அவருடையது. அதை ஆப்பே எழுதிக்கொள்ளும். அப்போது மட்டும் அவர் பெயரை ஏற்றுக்கொள்ளும்.

ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியல் தானாகத் திறந்தது. ஏழு பெயர்கள். ஐந்தாவது அவள்.

ரஹீமா பீவி வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தன் பெயரின் எழுத்துகளை மட்டும் அடையாளம் தெரியும்.

"என் பேருல்ல இது?"

"ஆமாக்கா."

"கதவையும் போட்டோ புடிச்சீங்க. இந்தக் கதவுக்கு என் பேரப் போடுறீங்களா?"

செல்வசிங் மணியைப் பார்த்தார். ஏழு ஐம்பத்து மூன்று.

"இல்லக்கா, இது வேற..."

"எதுவா இருந்தா என்ன? பேருன்னு ஒண்ணு இருந்தா நல்லதுதானே. விசா எழுதுற நேரம்." அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த விரலை, திரையைத் தொடாமல், தன் பெயருக்கு நேராகக் காட்டினாள். "போட்டுருங்க தம்பி. நாளைக்கு எவனும் வந்து இது உன்னோடது இல்லைன்னு சொல்ல மாட்டான்ல?"